இனாம் திரும்பாத ஒரு மணி நேரம்

மறவாமை ஓர் அறம். பெற்ற நன்மையை மறவாதிருத்தலை எல்லோரும் போற்றுவர்; இழைக்கப்பட்ட தீங்கை மறவாதிருப்பதற்கோ நெஞ்சுரம் வேண்டும். அவ்வுரம் வாய்த்தவள், தன்னினும் பெரிய சுமையைத் தூக்குவதால் தோழர்களிடையே 'எறும்பு' என்று பெயர் பெற்றவள். வீடுதோறும் மளிகை கொண்டுசேர்ப்பவள்.

கடையின் பின்புறம், சரக்கிறக்கும் மேடையின் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தி, கைபேசி எப்போது ஒலிக்குமென்று காத்திருப்பாள். ஆர்டர் வரும்போதே வாடிக்கையாளர் தரவிருக்கும் இனாமும் திரையில் தெரியும். பொருள் கைசேர்ந்த பின்னும் ஒரு மணி நேரம்வரை அதைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையைத் தூண்டிலாக்கிக் கொண்டவர் நாலாம் மாடிக்காரர். கொழுத்த இனாமைக் காட்டினார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அவள் தோளில் ஏறின. அவள் படியிறங்கித் தெருவை எட்டுமுன் இனாம் மறைந்துவிட்டது. அதோடு விட்டாரா? தம் செயலுக்கு நியாயம் தேடி, முட்டைகள் உடைந்திருந்தன என்று புகாரும் எழுதினார். தன் மழைக்கோட்டில் பொதிந்து அவள் ஏந்திச் சென்ற முட்டைகள்! அப்புகார் அவள் கணக்கில் கரும்புள்ளியாய் அமர்ந்தது. இன்னொன்று விழுந்தால் வேலையே போய்விடும்.

லேத் பட்டறையில் வேலைபார்க்கும் கணவன் தட்டைக் கழுவியபடியே சொன்னான்: "விடும்மா, போனா போகட்டும்."

"டிப்ஸ் போகட்டும். முட்டைய உடைச்சேன்னு எழுதினானே, அத விட மாட்டேன்."

"என்ன பண்ணப் போற? அவன் தலையில முட்டை உடைக்கப் போறியா?"

"முட்டை வீணாயிடும்."

ஒரு விடுமுறை நாளின் நண்பகலில் அதே முகவரியிலிருந்து ஆர்டர் வந்தது. காகிதத் தட்டும் குளிர்பானமும் அதில் மிகுந்திருந்தன; ஓர் அட்டை முட்டையும் இருந்தது. விருந்து என்பது விளங்கிற்று. அவர் சூதை அறிந்த தோழர்களில் ஒருவர் மறுக்க, அடுத்தவர் கைபேசியில் ஒலித்தது. மறுக்க மறுக்க, நாலாம் மாடிக்காரர் இனாமை ஏற்றிக்கொண்டே போனார்.

"வள்ளல் வந்துட்டாருடா! ஏறுது பாரு, ஏறுது பாரு!" என்று கூத்தாடினார் தோழர்களில் மூத்தவரான மீசை அண்ணன்.

"எனக்கு விடுங்கண்ணே."

"பைத்தியமா உனக்கு? இன்னொரு புகார் வந்தா வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"இன்னைக்கு அவரு வீட்லதான் உக்காரப் போறேன்."

நாலு மாடியும் ஏறினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலிகளில் அவருடைய மேலதிகாரியும் அந்த அதிகாரியின் மனைவியும் அமர்ந்திருந்தனர். சுமைகளை இறக்கிவிட்டு, வாசலை ஒட்டிய செருப்புப் பலகையின் மேல், எல்லோரும் காணுமாறு சாவதானமாக அமர்ந்தாள்.

"இன்னும் என்னம்மா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறேன். அதுக்குள்ள டிப்ஸைத் திரும்ப எடுத்துக்கலாமாமே? போன தடவை நான் கீழ போறதுக்குள்ளயே எடுத்துட்டீங்க. முட்டை உடைஞ்சிருந்துச்சுன்னு புகாரும் போட்டீங்க. அதான், இந்தத் தடவை பக்கத்துலயே இருக்கேன்."

மேலதிகாரி கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். "என்னய்யா இது?"

"இல்ல சார்... ஏதோ தெரியாம கை பட்டு..."

"கை பட்டாப் புகார் தானா எழுதிக்குமா?" என்றபடி எழுந்துவந்த அதிகாரியின் மனைவி, முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தார். "நாலு மாடி ஏறி வந்திருக்கு, ஒரு கீறல்கூட இல்லையே!"

நாலாம் மாடிக்காரரின் முகம் வெளிறியது. "அந்தப் புகார எடுத்துடறேம்மா."

"இப்பவே எடுங்க சார். எனக்கு அவசரமில்ல."

கைபேசியை எடுத்து அழுத்தினார். அவள் கைபேசி சிணுங்கிற்று, கரும்புள்ளி அழிந்தது.

"சரி, இனிமே கிளம்பலாமே?"

"டிப்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கே சார்."

இருந்தாள். அதிகாரியின் மனைவி தந்த குளிர்பானத்தைச் சொட்டுச் சொட்டாய்ப் பருகினாள். விருந்து நடந்தது, பரிமாறியவர் மட்டும் ஒரு கவளமும் உண்ணவில்லை. அவர் கை கைபேசியின் பக்கம் நகரும்போதெல்லாம் மேலதிகாரியின் பார்வையும் உடன் நகர்ந்தது. அந்தத் தவிப்பைக் கண்ணாரக் கண்டு, செவியாரக் கேட்டு, நெஞ்சாரத் துய்த்தாள் எறும்பு. அந்த நேரத்தில் வேறு வீடுகளுக்குச் சென்று ஈட்டியிருக்கக் கூடியதை அவள் எண்ணவேயில்லை.

நேரம் முடிந்ததும் எழுந்தாள். "வரேன் சார். ஆர்டர் போட்டுட்டே இருங்க."

போட்டார்தான். ஏற்பார் ஒருவருமில்லை, அதற்கு அவளே காவல் நின்றாள். மனிதர் தம் மூட்டையைத் தாமே சுமந்து, மாடிக்கு மாடி மூச்சு வாங்கி ஏறுவதை மீசை அண்ணன் கண்டு வந்து சொன்னார். "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே, மூணாவது மாடியில எப்படி நின்னாரு?" என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தாள். மன்னிப்பு அவள் மனத்தை எட்டிப் பார்க்கவுமில்லை. அவளும் அதை அழைக்கவில்லை.

எவ்வுயிர்க்கும் உள்நின்று அறிவோன் அவள் இல்லத்தைக் காப்பானாக. அங்கே உலை என்றும் பொங்குக. கணவனின் கைத்திறம் ஓங்குக. உழைப்பாளரை ஏய்ப்பாரின் நிழலும் அவ்வாயிலைத் தீண்டாதிருக்க.