மூன்றே முக்கால் கிலோ

எங்கள் வீட்டுக்காரருக்குச் சங்கரன்கோவிலில் அரிசிக்கடை. மகளுக்குச் சென்னையில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. பயிற்சிக்கென்று அவளை ஜப்பானுக்கே அனுப்பினார்கள். போனவள் சும்மா வராமல், கூட வேலை பார்க்கிற பெண்ணின் கல்யாண வரவேற்பைப் பார்த்துவிட்டு வந்தாள். தன் வரவேற்பும் அதே மாதிரிதான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பூச்சரத்துக்குப் பதிலாகக் காகிதத்தில் மடித்த ஆயிரம் கொக்கு. கைகுலுக்கல் கிடையாது, இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். இதெல்லாம் போகட்டும் என்று விட்டேன். கடைசியாக ஒன்று சொன்னாள். மணப்பெண் பிறந்த அன்று எவ்வளவு எடை இருந்தாளோ, அவ்வளவு அரிசியைத் துணிப்பையில் போட்டுப் பெற்றவர்கள் கையில் கொடுப்பாளாம். அவர்கள் அதைப் பச்சைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி வாங்கிக்கொள்வார்களாம். அங்கே மண்டபமே அழுததாம். அரிசிக்கடைக்காரனுக்கே அரிசியா என்று இவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்கப்பா. நான் பொறந்தப்ப எத்தனை கிலோ?"

"மூணே முக்கால்," என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் எழுந்து போய் மிக்ஸியைப் போட்டேன். அதில் அரைக்க ஒன்றுமில்லை.

மூன்றே முக்கால் என்பது சுத்தப் புளுகு. என் மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தவள். ஒன்றரைக் கிலோதான் இருந்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. அவளை என்னிடம் கொடுத்தபோது இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தாள். பிறந்த எடையில் அவளை ஒரு தடவைகூட நான் தூக்கியதில்லை.

பிள்ளை தேறாது என்று ஊரில் எவரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிடக் கூடாதே என்று இவருக்குப் பயம். கண் பட்டுவிடும் என்று பிள்ளையின் எடையைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. இவர் ஏற்றிச் சொன்னார். பிறகு பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள், மூன்றே முக்கால் என்றீர்களே என்று இழுத்தபோது, பஸ்ஸில் வந்த அலுப்பில் வாடிவிட்டது என்று சமாளித்தார். கடையில் ஒரு கிராம் பிசகாத மனிதர். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அந்தப் பொய்யைப் பையில் போட்டு, ஊரைக் கூட்டி என் கையில் கொடுக்கப் போகிறாள். அதை என் பிள்ளை என்று நான் ஏந்த வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று இவரிடம் சொன்னேன். கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளையிடம் போய் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லவா என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை.

எனக்கு உதவிக்கு வந்தவர் என் மதினி, இவருடைய அக்கா. அதுவரை எனக்கு எதிலுமே உதவாதவர். பனவடலிசத்திரத்திலிருந்து வந்து இறங்கியதும் அரிசி விஷயம் காதில் விழுந்துவிட்டது.

"பெத்தவுக கையில பிள்ள அரிசி குடுக்கதா? ஏட்டி, உசுரோட இருக்கையிலயே வாய்க்கரிசியா?"

அரிசி கொடுத்தால் மண்டபத்தில் கால் வைக்க மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குத்தான் மதினிமேல் எனக்குப் பாசம் வந்தது. தொலைந்தது சனியன் என்று காபி போட்டுக் கொடுத்தேன். ஆனால் என் மகள் லேசுப்பட்டவளா? அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொஞ்சினாள். காபி ஆறுவதற்குள் அத்தை இறங்கிவிட்டார். அரிசியில் மஞ்சள் புரட்டிவிட வேண்டும், அப்போது அது வாய்க்கரிசி இல்லை, அட்சதை. பையின் வாயைக் கட்டாமல் மஞ்சள் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தூக்கி வர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைதான். இவர் கடையில் மூன்றே முக்கால் கிலோ பச்சரிசியை நிறுத்து, ஒரு கை கொசுறும் போட்டுக் கொண்டுவந்தார்.

வரவேற்பு அன்று அலங்காரக்காரர் கொக்குகளைத் தலைகீழாகக் கட்டியிருந்தார். கல்யாண வீட்டில் எதற்கு வௌவால் என்று வந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் கேட்டார்கள். சம்பந்திக்குப் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். அவரும் இவரும் மேடையில் எதிரெதிரே நின்று குனிந்தார்கள். யார் முதலில் நிமிர்வது என்று மகள் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் நிமிர்ந்தால் மரியாதைக் குறைவு என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள். போட்டோ எடுத்து முடித்து, அடுத்த குடும்பம் மேடை ஏறிய பிறகும் குனிந்தபடியே நின்றார்கள். நான் போய் இவருடைய காலரைப் பிடித்து நிமிர்த்த வேண்டியிருந்தது.

கடைசியில் அரிசி நேரம் வந்தது. ஜப்பான் வழக்கப்படி பெற்றவர்கள் மண்டப வாசலில் நிற்க வேண்டுமாம். நானும் இவரும் போய் நின்றோம். மைக்கில் பேசுகிற பெண், மணப்பெண் பிறந்தபோது மூன்றே முக்கால் கிலோ என்று முழங்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

மகள் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள், பக்கத்தில் மாப்பிள்ளை. முதல் வரிசையில் மதினி உட்கார்ந்திருந்தார். மஞ்சள் அரிசி கண்ணில் பட்டதும் அவர் கை தன்னால் போனது. ஒரு பிடி அள்ளி, இரண்டு பேர் தலையிலும் போட்டு, நல்லா இருங்க என்றார். அவ்வளவுதான். நம் ஊரில் மணமக்கள் பக்கத்தில் அட்சதை வந்தால் எவர் சும்மா இருப்பார்? இந்தப் பக்கம் ஒரு பிடி, அந்தப் பக்கம் ஒரு பிடி. பின்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அள்ளினார்கள். மகள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், தடுக்கக் கை இல்லை. மைக்கில் பேசிய பெண்ணும் இறங்கி வந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

எங்களிடம் வந்து சேர்ந்தபோது மகளின் தலையெல்லாம் அரிசி. பை தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாதிக்கு மேல போயிட்டும்மா. எடையே இல்ல."

கையை மடித்து வாங்கினேன். பாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முழங்கை மடிப்புக்குள் அடங்கிவிட்டது. இவர் பழக்கதோஷத்தில் பைக்கு அடியில் கை கொடுத்து எடை பார்த்தார்.

"ஒண்ணர இருக்கும்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கை மட்டும் பைக்கு அடியிலேயே இருந்தது.

"அழாதட்டி," என்றேன் மகளிடம். "இப்பதான் சரியா இருக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம். போட்டோக்காரர் அடுத்த படத்துக்குப் பையை அப்பா கையில் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.