வீட்டுக்குக் கீழே ஒரு குளம்

எங்கள் தமிழ்ப்பள்ளியில், நான்காம் ஆண்டில், வீட்டுக்குக் கீழே இன்னொரு வீடு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் வீட்டில் மாடி இருந்தது. மாடி யார் வீட்டில்தான் இல்லை? மேலே கட்டுவது ஒரு பெரிய விஷயமா, கீழே கட்டிக் காட்டட்டும் பார்க்கலாம் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

உண்மையில் அது வீடு அல்ல. ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் ஒரு மேட்டோரத்தில் இருந்தது எங்கள் வீடு. முன்பக்கம் சாலைக்குச் சமமாக இருக்கும். பின்பக்கம் நிலம் சரிந்து இறங்குவதால் தூண்கள் தாங்கி நிற்கும். வீட்டுக்கு அடியில் இருந்த இருட்டு இடத்தில் பழைய டயர்களும் உடைந்த சைக்கிளும் அக்கம்பக்கத்துப் பூனைகளும் கிடந்தன. அதைத் தோண்டி ஆழப்படுத்தி, சுவர் வைத்து, தரை போட்டு எனக்கு ஓர் அறையாக்கப் போவதாக அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறை எனக்கு மட்டும் அல்ல என்பதை அம்மா இரண்டு நாள் கழித்துச் சொன்னார். ஆயர் தாவாருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தனியாக இருந்தார். பெரியம்மா இறந்து வெகுநாள் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. தோட்டம் கைமாறிவிட்டது. வருடம் முடிவதற்குள் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். எங்களோடு வந்து இருக்கும்படி அப்பா கெஞ்சாத நாளில்லை. பெரியப்பா மசியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த முறை ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து இறங்குகிற ரோஷக்காரர் அவர். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. தம்பி வீட்டில் ஒண்டிக் கிடப்பதைவிட ஆயர் தாவாரில் ஏதாவது கடைக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துக்கொள்வேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. தோட்டத்து மேடுகளில் முப்பது வருடம் மழைநீர் வாய்க்கால் வெட்டியவர் பெரியப்பா. அந்தக் கூலியில்தான் தம்பியைப் படிக்க வைத்திருந்தார். அதனால் அப்பா ஒரு திட்டம் போட்டார். பிள்ளைக்கு அறை கட்ட வேண்டும், கைகொடுங்கள் என்றால் அண்ணன் மறுக்க மாட்டார். கட்டி முடித்ததும், கீழே தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, துணைக்கு இங்கேயே இருங்கள் என்று நான் பெரியப்பாவிடம் அழ வேண்டும். பிள்ளை கேட்டால் அவரால் தட்ட முடியாது.

"அழுதுருவியா மா?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார்.

"ஜோரா அழுவேன்பா" என்றேன். நடிப்பில் எனக்கு யாரும் குறை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியப்பா முதல் பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பினார். அவர் மண்வெட்டி பிடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் அப்பா வெட்டுவது கோழி கிளறுவதுபோல இருக்கும். அப்பா தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர். மண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தோண்டிய மண்ணை அம்மாவும் நானும் வாளிகளில் சுமந்து கொட்டினோம். ஒவ்வொரு வாரமும் பெரியப்பா உள்ளே நிமிர்ந்து நின்று தலை இடிக்கிறதா என்று பார்ப்பார். எங்கள் குடும்பத்திலேயே உயரமானவர் அவர்தான். என் அறைக்கு அவ்வளவு உயரம் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

தரை போட்ட நாள்தான் எனக்குப் பட்டாபிஷேகம். நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை என்னிடம் கொடுத்துச் சுவரோரம் நிற்கச் சொன்னார் பெரியப்பா. மறு நுனியை அவர் எதிர்ச் சுவரில் பிடித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரத்தில் கோடு போட்டால் தரை மட்டமாக வரும். நான் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். நான்கு மூலைக்கும் அப்படி நின்றேன். சிமெண்டைக் கொட்டிப் பரப்பும்போது, வெளியே ஓடும் லோங்காங்கை, அதாவது சாக்கடை வாய்க்காலைப் பார்த்து அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, வெளிய லோங்காங் பக்கமா கொஞ்சம் சரிவு வைக்க வேணாமா? தண்ணி வந்தா எங்க போகும்?"

"சரிவு வச்சா பிள்ளையோட மேச ஆடும் லா" என்றார் பெரியப்பா, நிமிர்ந்து பார்க்காமலே. ஆடாத மேசைக்காக ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது.

அடுத்த ஆறு வாரத்தில் சுவர்ப் பூச்சு, ஜன்னல், இளநீலச் சாயம் எல்லாம் முடிந்து பால் காய்ச்சினோம். பந்தா காட்டுவதற்காக வகுப்புத் தோழிகள் மூன்று பேரை நான் அழைத்திருந்தேன். வாயைப் பிளந்துகொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இங்க தனியா படுக்க உனக்குப் பயமா இருக்கும்ல?"

நான் அழ வேண்டிய இடம். பெரியப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். என் மூன்று தோழிகளும் என்னைப் பார்த்தார்கள்.

"பயமா? எனக்கா? பேய் வந்தாக்கூட நா தனியா படுத்துக்குவேன்பா!"

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அம்மா பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். பெரியப்பா மட்டும் சிரித்து என் தலையில் கை வைத்தார். "சிங்கக்குட்டி லா இது. அப்பறம் என்ன, நா கெளம்பறேன்" என்று பையை எடுத்தார். அப்பாவிடம் கொடுத்த வாக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் தோழிகள் எதிரில் சொன்னதை எப்படி மாற்றுவது?

பஸ்ஸை என்றுமே தவறவிடாத பெரியப்பா அன்று இன்னொரு காப்பி கேட்டார். நின்றபடியே, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் குடித்தார். தரை போட்ட நாளிலிருந்து பெருமழையே இல்லை; அன்று மலை கறுத்து வந்தது. ஈப்போ மழைக்கு முன்னறிவிப்பு பெரிதாகத் தேவையில்லை; அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. மேட்டுப் பக்கச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து என் புதுத் தரையில் பரவியது. எங்கும் ஓடவில்லை. நான்கு மூலையிலும் ஒரே அளவாகக் கணுக்கால் வரை நின்றது. என் தோழிகள் கைதட்டிச் சிரித்தார்கள். "உங்க வீட்டுக்குக் கீழ குளம்டி!"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, நடிப்பே இல்லாமல்.

பெரியப்பா பையைக் கீழே வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "சரிவு வைக்காம விட்டது என் தப்பு தம்பி. இத இப்பிடிப் போட்டுட்டு நா எப்பிடிப் போறது? வெளிய லோங்காங் வரைக்கும் வாய்க்கா வெட்டணும், மேல இன்னொரு பூச்சு சரிவா பூசணும். ரெண்டு வாரமாச்சும் ஆவும்."

"ஆமாண்ணே, ஆவும்ணே" என்றார் அப்பா அவசர அவசரமாக.

இரண்டு வாரம் கழித்துக் கதவு உப்பியிருந்தது. அதைச் சரி செய்தபின் கூரை ஒட்டுப்பலகை. அது முடிவதற்குள் தோட்டத்து லயம் இடிபட்டு, அவருடைய பெட்டியும் வந்து சேர்ந்துவிட்டது. "இந்த ஒரு வேல முடியட்டும், போலாம்" என்று சொல்லிச் சொல்லியே பெரியப்பா பதினோரு வருடம் அந்த அறையில் இருந்தார். சரிவு வைத்த பிறகும் ஆடாத மேசையில் நான் படித்தேன்; பக்கத்துக் கட்டிலில் அவர் பேப்பர் வாசித்தார். அங்கிருந்துதான் அவர் கடைசியாகப் போனார். என் அறையில் பெரியப்பாவுக்கு இடம் கொடுத்திருக்கிறேன் என்று பள்ளியில் சொல்லிக்கொள்வேன்.

வீட்டுக்கு வருகிற உறவினர் ஒருவரையும் நான் விட்டதில்லை. குளம் கதையை அபிநயத்தோடு சொல்வேன். "குளம் கட்டின பெரியப்பா" என்று அவரைக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். "வயசாச்சி லா, கண்ணு தப்பிருச்சி" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாதம் அந்த அறைக்கு டைல்ஸ் போட ஏற்பாடு செய்தேன். வேலைக்கு வந்தவர் மேல்பூச்சை உடைத்தார். அடியில் பழைய தரை அப்படியே இருந்தது. ரசமட்டத்தை அதன்மேல் இங்கே வைத்தார், அங்கே வைத்தார், குறுக்கே வைத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கா இத போட்டது? ஒரு நூலு வித்தியாசம் இல்ல. இப்பிடிப் போடத் தெரிஞ்ச ஆளு, சரிவு வைக்க மறப்பாரா? தெரிஞ்சேதான் விட்டிருக்காரு லா."

அவர் தேநீர் குடிக்கப் போன பிறகும் நான் அந்தத் தரையிலேயே நின்றேன். முப்பது வருடம் மேட்டில் வாய்க்கால் வெட்டியவர். மழை பெய்தால் எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லக்கூடியவர். அப்பாவின் திட்டத்தை நான் ஒரு வாய்ச்சொல்லில் கெடுத்தேன். அதற்குப் பல வாரம் முன்பே பெரியப்பா தன் திட்டத்தைச் சிமெண்டில் பூசி வைத்திருந்தார். குழாயின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

அவரை நினைத்தால் இன்று நெஞ்சு நிமிர்கிறது. யாரிடமும் எதையும் சும்மா வாங்காத மனிதர், எங்களோடு இருப்பதற்காக வேலை தெரியாதவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். அந்தப் பெயரைப் பதினோரு வருடம், அவர் எதிரிலேயே, ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்.