வெயிலில் வந்த ரத்தம்

ரவ்ஷான் அல்மாட்டியின் மனநல ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் ரத்தக் குழாய்களோடு குப்பை கொட்டியவள். வந்துபோன பேராசிரியர்களில் பாதிப் பேருக்குக் குழாயைப் பிடிக்கவே தெரியாது என்பது அவள் முடிவு. இப்போதைய பேராசிரியர் எர்முராத்தைப் பற்றி அவளுக்கு அந்த அளவு நல்ல எண்ணம்கூட இல்லை.

இருமுனைக் கோளாறை ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று அந்த மனுஷன் தொலைக்காட்சியில் முழங்கினார். நோயாளிகளிடம் அறுபது மரபணுக்கள் கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்கின்றனவாம், அளந்தால் போதுமாம். ரவ்ஷானின் தம்பிக்கு அந்த நோய் உண்டு. ஒரு வசந்தத்தில் வீட்டை விற்று ஏழு குதிரை வாங்கியவன், இலையுதிரில் படுக்கையை விட்டு எழவில்லை. அது விளையாட்டல்ல என்று அவளுக்குத் தெரியும்.

நோயாளிகளின் ரத்தம் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து காரில், கோடை வெயிலில் நாலு மணி நேரம் குலுங்கி வந்தது. நோயில்லாத மாணவர்களின் ரத்தமோ இங்கேயே எடுத்து உடனே பனிக்கட்டியில் வைக்கப்பட்டது. காத்துக் கிடக்கிற ரத்தத்தில் மரபணுக் கணக்கெல்லாம் மாறிப்போகும். இதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

"அபாய், நீங்க குழாயக் கழுவுங்க. யோசிக்கிறத நாங்க பாத்துக்கிறோம்" என்றார் எர்முராத். ‘அபாய்’ என்றால் அக்கா; மரியாதையில் மட்டும் குறைவில்லை.

ஒரு திங்கட்கிழமை, பளபளக்கும் கைப்பையோடு ஒரு பெண்மணி, மகனுக்குப் பேசிவைத்த பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"டிவில சொன்னாங்களே அந்த டெஸ்ட். இவ சித்தப்பனுக்குப் பைத்தியமாம். கல்யாணத்துக்கு முன்னாடி இவளையும் பாத்துடுங்க."

பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு எடுக்க வந்தீங்களா, குதிரை வாங்க வந்தீங்களா? குதிரைன்னா பல்லப் பாருங்க. கெளம்புங்க!" என்று கதவைக் காட்டினாள் ரவ்ஷான்.

மறுநாள் தன் கையிலிருந்தே இரண்டு குழாய் ரத்தம் எடுத்தாள். ஒன்று பனிக்கட்டிக்குள் போனது. மற்றது நாலு மணி நேரம், மருத்துவமனை ரத்தம் கொண்டுவரும் ஓட்டுநரின் காருக்குள் வெந்தது. பெயர் எழுதாமல், வெறும் எண் ஒட்டி இரண்டையும் அளக்க அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எர்முராத்தே முடிவைப் படித்தார். "முதல் ஆளுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஆளுக்குச் சந்தேகமே இல்ல, இருமுனைதான்."

"ரெண்டும் என் ரத்தம்தான், எரெகே. ஒரே நாள், ஒரே கை." அவர் பெயரை மரியாதையாகச் சுருக்கியே சொன்னாள் ரவ்ஷான்.

அவர் முகம் கறுத்தது. "அப்போ நீங்க டாக்டரப் பாக்கணும், அபாய்."

"பாதி ஒடம்புக்கா, முழு ஒடம்புக்கா?"

இளம் மருத்துவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்கள்.

வெளியீட்டுக்கு அனுப்பிய கட்டுரையை எர்முராத் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றார். தலைநகரில் ஏதோ குழுவுக்குத் தலைவராகப் போனார். இப்படிப்பட்டவர்களுக்கு எங்காவது ஒரு நாற்காலி காத்திருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெண் தானே சம்பந்தத்தை முறித்துக்கொண்டாள் என்று ரவ்ஷான் கேள்விப்பட்டு, நிறைவாகத் தேநீர் குடித்தாள்.

அடுத்த வருஷம் எல்லா ரத்தத்தையும் பனிக்கட்டியில் வைத்து மறுபடி அளந்தார்கள். அறுபது மரபணுக்களில் மூன்றில் மட்டுமே வித்தியாசம் மிஞ்சியது. அதுவும் நோயின் அடையாளமா, நோயாளிகள் விழுங்கும் மாத்திரையின் வேலையா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். ரவ்ஷான் அதில் மட்டும் முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டாள்.