ஊதாக் கோடு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து தெருவே குட்டித்தூக்கம் போடுகிற நேரத்தில் நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இன்று சமையலறை விளக்கைப் போடும் முன் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். அது போதும்.

கேஸ் ஏஜென்சியில் அவரை எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கசிவு என்று போன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மெக்கானிக். வாசற்படியில் நின்றபடியே கசிவு அடுப்பிலா, ட்யூபிலா, சிலிண்டர் வாயிலா என்று சொல்லிவிடுவார். அண்ணனுக்கு ஜலதோஷம் வந்தால் ஆபீஸுக்கே லீவு விட வேண்டும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் திருகை இறுக்கினாலும் அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பார். பாதிக் கோடு திருகின் மேல், மீதி கிளிப்பின் மேல். பிறகு யாராவது திருகைத் தொட்டால் கோடு உடைந்துவிடும். "நீ சரியா இறுக்கலை" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் பதில். பாட்டில் அவர் மனைவியுடையது. பாதி தீர்ந்ததும் இவர் சுட்டுவிடுவார்.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எரிந்து விழுவார். "மனுஷனை விடவா பேய் மோசம்?" என்பார்.

அன்று போனை எடுத்தது ஆபீஸில் போன் பார்க்கிற பெண்.

"அண்ணே, ஒரு மாடி வீடு. வாடை வருதாம். பெல் அடிக்காம கதவைத் தட்டச் சொன்னாங்க."

மூக்கண்ணனுக்கு மனதுக்குள் ஒரு சபாஷ். பெல்லில் ஒரு பொறி பறந்தால் போதும், வீடே போய்விடும். ஆனால் எத்தனை தடவை சொன்னாலும் ஜனங்களுக்கு ஏறாது. இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறதே!

"இன்னொண்ணும் சொன்னாங்கண்ணே. இப்பல்லாம் எனக்கு வாடை நல்லாத் தெரியுதுன்னு. ஒரு மாதிரி பேசினாங்க."

அவர் போய்க் கதவைத் தட்டினார். மாடி வராந்தாவிலேயே வாடை முகத்தில் அறைந்தது. ஓர் இளம்பெண் தூக்கக் கலக்கத்தோடு திறந்தாள்.

"போன் பண்ணீங்களே, கேஸ் ஆபீஸ்."

"நான் பண்ணலையே..."

திரை போட்ட கூடம் இருட்டாக இருந்தது. சொல்லிக்கொண்டே அவள் கை சுவிட்சை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!"

அவர் போட்ட சத்தத்தில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இவ்வளவு வாடை கூடவா தெரியவில்லை என்று கேட்டார். அவள் தலைகுனிந்தாள்.

"எனக்கு வாசனையே தெரியாது அண்ணே. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட போச்சு."

முதலில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினார். சமையலறை ஜன்னல் ஏற்கெனவே அகலத் திறந்து கிடந்தது. அதனால்தான் இருவரும் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"நல்ல வேளை, ஜன்னலைத் திறந்து வச்சீங்க."

"மூடிட்டுத்தானே படுத்தேன்..."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேஸ் கனமானது, தரையில்தான் தேங்கும். குந்தி உட்கார்ந்து மோந்தார். கேஸ் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. நெயில் பாலிஷ். அவருடைய பாட்டிலோ பைக்குள் இறுக மூடி இருந்தது.

அடுப்புக்குப் பின்னால் ட்யூபைப் பிடிக்கிற கிளிப் தொளதொளவென்று ஆடியது. ட்யூப் புதுசு, கிளிப்பும் புதுசு. புதுசு தானாகத் தளராது. அவர் இறுக்கினார், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார், சிவப்புக் கோடு இழுத்தார். வழக்கம்போல முடிந்த வேலை.

"வீட்டுக்காரர் எங்க?"

"சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போயிட்டார். தினமும் மதியம் சாப்பிட வருவார். நீ தூங்கு, எழுந்து டீ போட்டுக்கோன்னு சொல்லிட்டுப் போவார்." அவள் முகம் மலர்ந்தது. "தங்கமான மனுஷன் அண்ணே. எனக்கு வாசனை தெரியாதுன்னு சொன்னதும் வந்த வரன் எல்லாம் ஓடிப் போச்சு. இவர்தான், இதெல்லாம் ஒரு குறையான்னு கட்டிக்கிட்டார்."

பாவம், நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார். கீழ்வீட்டு வாசலில் ஓர் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் போனது. மழைநாள். மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. அதே வீட்டிலிருந்து போன். அதே குரல். பெல் அடிக்க வேண்டாம், தட்டச் சொல்லுங்கள்.

தட்டினார். அதே பெண், அதே தூக்கக் கலக்கம். இந்தத் தடவையும் அவள் போன் பண்ணவில்லை.

வாசலிலேயே மோந்தார். கேஸ் வாடை துளிகூட இல்லை. நெயில் பாலிஷ் வாடை மட்டும் மூக்கைத் துளைத்தது.

"நெயில் பாலிஷ் போட்டீங்களா?"

"எனக்கு அந்தப் பழக்கமே இல்லைண்ணே."

அவள் கூடத்திலேயே நின்றாள். அவர் பையை அவள் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே டார்ச்சைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஜன்னல் திறந்திருந்தது. சாரல் உள்ளே அடித்துத் தரை நனைந்திருந்தது. குந்தி உட்கார்ந்து கிளிப்பின் மேல் வெளிச்சம் காட்டினார்.

அவருடைய சிவப்புக் கோடு உடைந்திருந்தது.

யாரோ திருகைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் கிளிப் ஆடவில்லை. தளர்த்திய திருகை வேறு யாரோ மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். இறுக்கிவிட்டு அதன் மேல் புதிதாக ஒரு கோடும் இழுத்திருக்கிறார்கள். பாதி திருகின் மேல், பாதி கிளிப்பின் மேல்... அவர் இழுப்பது போலவே.

ஊதா நிறத்தில்.

விரலால் தொட்டார். ஈரம்.

அப்போது கேட்டது.

டிக்... டிக்... டிக்...

அவருக்குத் தெரிந்த சத்தம். நெயில் பாலிஷ் பாட்டிலைக் குலுக்கினால் உள்ளே கிடக்கிற குட்டிக் குண்டு உருளுமே, அந்தச் சத்தம்.

அவருடைய பாட்டில் பைக்குள். பை கூடத்தில்.

டிக்... டிக்...

முதுகுக்குப் பின்னால். நிற்கிற ஒரு பெண்ணின் கை உயரத்தில்.

நின்றுவிட்டது.

மெல்லத் திரும்பினார்.

யாருமில்லை.

சுவிட்ச் போர்டின் மேல் மட்டும் ஊதாப் புள்ளிகள். நாலைந்து. யாரோ ஐந்து விரலாலும் சுவிட்சைப் பொத்திக்கொண்டு நின்றது போல...

அதே நேரம் வாசல் கதவில் சாவி திரும்பியது. மூக்கண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

வீட்டுக்காரர். மழையில் நனைந்திருந்தார். "இந்த நேரத்துல எப்பவும் வர மாட்டீங்களே?" என்று மனைவி கேட்டாள். அவர் நிலைப்படியிலேயே நின்று மூக்கை விடைத்து மோந்தார்.

"வாடையே இல்லையே" என்றார்.

யாரும் இன்னும் அவரிடம் வாடை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதோடு அந்தக் குரலில் நிம்மதி இல்லை, ஏமாற்றம் இருந்தது. எதிரே நிற்பவர் முகம் தெரியாத இருட்டிலும் அந்த மனிதர் விளக்கைப் போடவில்லை. கையைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே இல்லை.

மூக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் கேட்ட சத்தத்துக்கு வராத நடுக்கம் முன்னால் நின்ற மனிதனைப் பார்த்து வந்தது.

"யார் கூப்பிட்டது உங்களை?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் மூக்கண்ணன் முந்திக்கொண்டார்.

"கீழ்வீட்டு அக்கா. அவங்க அடுப்புல கசிவு. இங்கயும் ஒரு தடவை பாத்தேன், அவ்வளவுதான்." பிறகு அவளிடம், "உங்களை ஒரு நிமிஷம் கீழ வரச் சொன்னாங்கம்மா. வாங்க."

வாயில் வந்த பொய். ஆனால் அவளைத் தனியாக அங்கே விட்டுவிட்டு வர அவருக்குக் கால் எழவில்லை. வீட்டுக்காரர் வழிவிட்டார். படியிறங்குகிற வரை முதுகில் அந்தப் பார்வை உறுத்திக்கொண்டே இருந்தது.

கீழ்வீட்டு அக்கா இருவரையும் உட்கார வைத்தாள். மூக்கண்ணன் கிளிப் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"மறுபடியுமா?"

"மறுபடின்னா?"

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. உனக்குச் சொல்லலையாம்மா? காலைல எழுந்து அடுக்களை லைட்டைப் போட்டா, அவ்வளவுதான். ஜன்னலே பேத்துக்கிட்டு தெருவுல வந்து விழுந்துச்சு. இந்த ஆள் அப்ப நடக்கப் போயிருந்தானாம். கையைப் பாத்துதான் நாங்க அடையாளம் சொன்னோம். எப்பவும் ஊதா நெயில் பாலிஷ் போட்டிருப்பா, பாவி மக."

மூக்கண்ணன் தன் விரலைப் பார்த்தார். ஊதா காய்ந்து ஒட்டியிருந்தது.

"வாடை வந்திருக்குமே... அவங்க கவனிக்கலையா?"

"எப்படிக் கவனிப்பா? அவளுக்கும் வாசனை தெரியாதே."

இப்பல்லாம் எனக்கு வாடை நல்லாத் தெரியுது. போனில் சொன்ன வார்த்தை அவர் காதுக்குள் தானாகக் கேட்டது.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப் போனான். அவள் உயிர் தப்பியது உண்மை. அதற்குமேல் நல்லது எதுவும் நடக்கவில்லை என்பதும் உண்மை. போலீஸில், "கிளிப் தளர்ந்ததுக்கெல்லாம் ஒருத்தனைப் பிடிச்சு உள்ள போட முடியுமா?" என்று கேட்டார்கள். ஆபீஸில் மேனேஜர், "உன்னை அடுப்பை ரிப்பேர் பண்ணச் சொன்னா குடும்பத்தை ரிப்பேர் பண்றியா?" என்று கத்தினார். அவளைப் பெற்றவளே, "குறையுள்ள பொண்ணைக் கட்டிக்கிட்ட மகராசனைச் சந்தேகப்படறியே" என்று அவளைத்தான் திட்டினாள். அந்த மனிதனோ ஊரெல்லாம் கண்ணீர் விட்டான். ஒருத்தியைப் பறிகொடுத்தவன், இன்னொருத்தி விட்டுப்போனவன் என்று எல்லோரும் அவனுக்காக உச்சுக்கொட்டினார்கள். பிறகு விவாகரத்து ஆனது, அவன் வீட்டைக் காலி செய்தான், எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. மூக்கண்ணன் மட்டும் அதன்பிறகு "மனுஷனை விடவா பேய் மோசம்?" என்று சொல்வதை விட்டுவிட்டார். விளையாட்டாகச் சொல்கிற பேச்சாக அது இல்லாமல் போயிற்று.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. ஒரு மதியம் போன் பார்க்கிற பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அண்ணே, வாடை வருதாம். பெல் அடிக்காம தட்டச் சொன்னாங்க."

"அந்தப் பழைய வீடா?"

"இல்லைண்ணே. வேற தெரு. புது வீடு. ஆனா குரல்... அதே குரல்தான்."

அவர் பையை எடுத்தார். மூடாமலே தூக்கிக்கொண்டு ஓடினார்.

புதுக் கதவு, புதுப் பெயிண்ட். தட்டினார். ஓர் இளம்பெண் திறந்தாள். நிலையில் கட்டிய கல்யாண மாலை இன்னும் முழுதாக வாடவில்லை.

"யாரு வேணும்?"

அவர் கேஸ் ஆபீஸ் என்று சொல்லவில்லை. முதலில் ஒன்றைக் கேட்டார்.

"உங்களுக்கு வாசனை தெரியுமாம்மா?"

அவள் முகம் சுருங்கியது.

"தெரியாது... அதை யார் சொன்னா உங்களுக்கு?"

உள்ளே சமையலறையில் ஒரு ஜன்னல் தானாகத் திறக்கிற சத்தம் கேட்டது.