ஜெபசீலி சமைத்த பன்றிக்கறி

ஓசூரில் ஒரு பல்ப் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவள் ஜெபசீலி. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்கிவந்தாள். தொண்ணூற்று இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள் பெங்களூர் ஆஸ்பத்திரியில்.

அன்றிலிருந்து அவள் கணவன் ஐசக் வீட்டுக்குள் கறியே வரவிடவில்லை. பயந்த மனிதன். வீட்டுச் சொந்தக்காரி சரோஜம்மாளோ குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “பன்னியத் தின்னா உடம்பு வேற எப்படி இருக்கும்?”

ஜெபசீலி குடத்தைக் கீழே வைத்தாள். உத்தனப்பள்ளியில் பன்றி வளர்த்துத்தான் அவள் அப்பா அவளைப் பத்தாவது வரை படிக்கவைத்தார். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களும் இதே குரலில்தான் பேசினார்கள். நோயைப் பொறுத்துக்கொண்டவளால் இந்தப் பேச்சைப் பொறுக்க முடியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஐசக் கண்ணைக் காட்டியும் நிறுத்தாமல் டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

“பன்னிக்கறி தின்னுதான் எனக்கு இது வந்துச்சுங்களா?”

“யாரு சொன்னது? உனக்கு பிரஷர் இருந்தது, நீ பாக்கல. அதுக்கு மேல வலி மாத்திரை. இனி அதைத் தொடவே கூடாது.”

“அப்போ கறி தின்னலாங்களா?”

“எந்தக் கறின்னாலும் அளவுதான். கொழுப்பு எடுத்த புதுக்கறி, எப்பவாவது, உள்ளங்கையைவிடச் சின்னதா. நல்லா வேகணும். உப்பு பேருக்குத்தான். உப்புக்கண்டம், டப்பாக்கறி வேண்டாம். அன்னிக்கு முட்டை, பருப்பை விட்டுடு. ரத்த ரிப்போர்ட் மாறினா இதையும் மாத்துவோம்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போதே கறி வாங்கினாள். கொழுப்பை அரிந்து தள்ளினாள். மிளகும் பூண்டும் சின்ன வெங்காயமும் அரைத்து, அடுப்பை வாசலில் வைத்து ஏற்றினாள். வாசம் லைன் வீடுகள் முழுக்கப் போனது.

சரோஜம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “கிட்னி போயும் புத்தி வரலியா?”

“டாக்டரைக் கேட்டுட்டுத்தான் ஆக்கறேன்.”

“என் வீட்டுல இது ஆகாது.”

“அப்போ வேற வீடு பாத்துக்கறோம். கறி வேகட்டும், சாப்பிட்டுட்டுப் போயிப் பாக்கறோம்.”

“மெல்லப் பேசு ஜெபா,” என்றான் ஐசக், கதவோரம் நின்றபடி.

“எங்கப்பா மெல்லத்தான் பேசுனாரு. யாரு கேட்டாங்க?”

குழம்பை ஊற்றிக்கொள்ளாமல் சில துண்டுகளை மட்டும் தன் தட்டில் போட்டுக்கொண்டு, சட்டியை அவன் பக்கம் தள்ளினாள். ஐசக் ஒரு வாய் தின்றுவிட்டு, “உப்பே இல்ல” என்றான்.

“பழகிக்கங்க.”

சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. ஆனால் அதற்கு மேல் கெடாமல் பல வருஷம் தாங்கியது. பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டாள். கம்பெனியில் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீடு தேடிய இடங்களில், அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்: “நாங்க பன்னிக்கறி ஆக்குவோம். இஷ்டம்னா குடுங்க.” சிலர் கதவைச் சாத்தினார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நஞ்சம்மா என்றொருத்தி மட்டும், “ஆக்கிக்கோ, எனக்கென்ன?” என்று சாவியைக் கையில் கொடுத்தாள்.