கரட் சாறும் ஒரு புள்ளிக் கேள்வியும்

கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்ததில் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எதையும் பாதி வாசித்ததுமே மீதியை மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கிவிடுவேன்.

என் கணவரின் ஈரலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது திரும்பி வரவும் கூடும் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அப்போதுதான் கனடாவில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். செயற்கை ரெட்டினாய்டு என்ற மருந்து ஈரல் புற்றுநோயின் வளர்ச்சியை மெதுவாக்கக்கூடுமாம். அது விற்றமின் ஏ-யின் உறவு என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. விற்றமின் ஏ என் சொந்தப் பாடம்.

வெள்ளவத்தைப் பாமசியில் போய் ரெட்டினாய்டு கேட்டேன். கவுண்டரில் நின்ற பிள்ளை என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அன்ரி, அது முகப்பருவுக்குக் குடுக்கிறது. உங்களுக்கோ?"

பின்னால் நின்றவர்களும் என் முகத்தில் பருவைத் தேடினார்கள். டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் தர முடியாதாம். மானத்தைக் காப்பாற்ற, விற்றமின் ஏ நிறைந்த மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைப் போத்தல் ஒன்றை வாங்கினேன். மாப்பிள்ளை சரிவராவிட்டால் அவன் தம்பியைக் கேட்கிற சனம்தானே நாங்கள்.

காலையில் கரட் சாறு, மத்தியானம் கோழி ஈரல் கறி, போத்தலில் இரண்டு என்று போட்டிருந்த மாத்திரை என் கையால் நாலு. என்னைக் கண்டாலே சந்தைக் கரட்காரருக்குச் சிரிப்பு.

"முயல் வளக்கிறீங்களா மிஸ்?"

இப்படித் தொடங்கிய மூன்றாவது மாதம் என் கணவரின் உள்ளங்கை மஞ்சளானது. காமாலை, கட்டி திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

டொக்டர் அவரின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "கண் வெள்ளையாத்தான் இருக்கு. இது காமாலை இல்லை. என்ன சாப்பிடுறனீங்கள்?"

இவர் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார்; மகன் அனுப்பிய ரெட்டினாய்டுச் செய்தியை நான் சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"கரட் தோலைத்தான் மஞ்சளாக்கும், அது பரவாயில்லை. ஆனா அந்த மாத்திரையை நிப்பாட்டுங்கோ. நீங்கள் சொல்லுற மருந்து இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. விற்றமின் ஏ மாதிரி உடம்பில தேங்கக்கூடாதெண்டுதான் அதை வேற விதமாச் செய்திருக்கினம். விற்றமின் ஏ கூடினா எங்க போய்ச் சேரும் எண்டு தெரியும்தானே மிஸ்?"

தெரியும். தவணைப் பரீட்சைகளில் நானே போட்ட கேள்வி அது. விடை ஈரல், ஒரு புள்ளி. குடல் என்று எழுதிய பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

நல்லகாலம், இரத்தப் பரிசோதனையில் பெரிய பாதிப்பு இல்லை. ஸ்கேனிலும் கட்டி இல்லை. திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டேன்.

"நான் செய்யிறது பிழையெண்டு உங்களுக்குச் சந்தேகமே வரேல்லையோ?"

"பருவுக்குக் குடுக்கிறதெண்டு நீர் சொன்ன அண்டைக்கே வந்தது."

"பிறகேன் குடிச்சனீங்கள்?"



"அந்தக் கரட் சாறுக் கிளாசோட வரேக்க மட்டும்தான் நீர் அழாமல் வந்தனீர்."

ஓட்டோவிலேயே அழுதுவிட்டேன். அவர் தன் மஞ்சள் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.