சாச்சா எழுதிய ஏழு நாள் நகரம்

என் சாச்சா வளைகுடா நாட்டில் ரோபோவாக வேலை பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. பொய் சொல்லக் கூடாதும்மா என்று டீச்சர் என்னை உட்கார வைத்துவிட்டார். அது பொய்யில்லை. பெரியபட்டினத்தில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். டிரைவர், சமையல்காரர், சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. என் வாப்பாவின் தம்பி மட்டும் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவில், வெள்ளி நிற உடுப்புக்குள் புகுந்துகொண்டு, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

லீவில் வந்தபோது போனில் அந்த வீடியோவைக் காட்டினார். மின்னுகிற தலை, சதுரமான மார்பு, பச்சை விளக்கு எரியும் கண்கள். அதைச் சுற்றி நூறு பிள்ளைகள் குதித்தார்கள்.

"உள்ள இருக்குறது நீங்கதானா சாச்சா?" என்று கேட்டேன்.

"மூடிக்கிட்டா நானா, வேற ஆளான்னு எனக்கே தெரியாது புள்ள" என்றார். அதைவிடப் பெருமையான பதில் ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

பெட்டியில் சாக்லேட், சென்ட், தைலம் எல்லாம் வந்தன. அவற்றுக்கு அடியில் நான்கு தடித்த நோட்டுகள் இருந்தன. சாச்சா ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதியது என்றார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கடிதத்துக்கு மேல் எதுவும் எழுதியதில்லை. உம்மா நோட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரம் படாத இடமாகப் பார்த்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார்.

நாவலின் பெயர் 'ஏழு நாள் நகரம்'. இன்னும் முந்நூறு வருடம் கழித்து, கடலுக்கு அடியில், கண்ணாடிக் கூரைக்குள் ஒரு பூங்கா. வருகிறவர்கள் வாசலில் தங்கள் பெயரை ஒப்படைத்துவிட வேண்டும். பதிலுக்கு ஒரு வேஷம் கிடைக்கும். ராஜா, டாக்டர், திருடன், செவ்வாய்க் கப்பலின் கேப்டன், எது வேண்டுமானாலும். ஏழு நாளைக்கு அவர்கள் அந்த ஆளாகவே வாழலாம். மழை வேண்டும் என்றால் மழை பெய்யும். வானத்துக்கே ஒரு சுவிட்ச் இருந்தது. சந்தையில் விற்கிற மீன் தன் விலையைத் தானே சொல்லும். ஏழாம் நாள் வாசலுக்கு வந்து பெயரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். கதை என்னவென்றால், ஒருவன் போக மறுக்கிறான்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் உட்கார்ந்து சாச்சா இதை எங்களுக்கு வாசிப்பார். எனக்கு மூன்று வயது மூத்த அண்ணனான காக்காவும் நானும் எதிரே உட்காருவோம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். வலை உலர்த்துகிற வாடை, கரையில் ஒதுங்கி அழுகும் பாசியின் வாடை எதுவும் அப்போது எங்கள் மூக்குக்கு எட்டாது. வானம் சிவக்கும்போது யாரோ சுவிட்சைத் திருகுகிறார்கள் என்று மெய்யாகவே நம்பினேன். செவ்வாய்க் கப்பல் என்பதை மட்டும் வெகுநாள் வரை செவ்வாய்க்கிழமை ஓடுகிற கப்பல் என்று நினைத்திருந்தேன்.

கடைசி அத்தியாயம் சாச்சாவுக்கு வரவில்லை. போக மறுத்தவனை எப்படி வெளியே கொண்டுவருவது என்று தெரியாமல் இரண்டு நாள் கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாம் நாள், "விளையாடிப் பாத்துருவோம்" என்றார்.

மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஓட்டை வள்ளத்துக்கும் ஒரு சவுக்குக் கம்புக்கும் நடுவே பழைய வலையைக் கட்டித் தொங்கவிட்டோம். அதுதான் வாசல். காக்கா வாசல் காக்கும் ரோபோ. உத்தரவு இல்லாமல் அங்கிருந்து நகரக் கூடாது. நான் கேட்ட வேஷம் எனக்குக் கிடைத்தது: செவ்வாய்க் கப்பலின் கேப்டன். சாச்சா ஒரே ஒரு சட்டம் வைத்தார்.

"உள்ள வந்தாச்சுன்னா சொந்தப் பேரு கெடையாது. யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அவுட்டு."

வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்து நுழைந்த அந்தக் கணம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அதே மணல், அதே கடல், எதிரே அதே தீவு. ஆனால் எதுவும் அதுவாக இல்லை. கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்னைக் 'கேப்டன்' என்று கூப்பிட்டபோது முதுகு தானாக நிமிர்ந்தது. மூன்று நாள் விளையாடினோம். உம்மா வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்தியும் நான் திரும்பாமல் இருந்து, அதற்காக ஒரு முறை அடியும் வாங்கினேன். கேப்டன் அழவில்லை.

நான்காம் நாள் கப்பல் புறப்பட்டது.

நண்டு வலைக்காரர்கள் ஏறிப் போகும் தெர்மாகோல் மிதவை ஒன்று கரையோரம் கட்டிக் கிடக்கும். சாக்குச் சுற்றித் தைத்தது, ஒரு கதவு அளவு இருக்கும். அதுதான் என் கப்பல். கட்டியிருக்கும்போது அதில் உட்காரலாம் என்று சாச்சா சொல்லியிருந்தார். கட்டிப் போட்ட கப்பல் எப்படிக் கப்பலாகும்? சாச்சா வள்ளத்தின் நிழலில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கயிற்றை அவிழ்த்தேன்.

வாடைக்காற்று காலம். எங்கள் கரையில் வாடை, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். துடுப்பே போட வேண்டியிருக்கவில்லை. மிதவை வழுக்கிக்கொண்டு போனது. சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் பிள்ளைகளின் கூச்சல், பிறகு தென்னை ஓலையின் சலசலப்பு. நான் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்தேன். அடியில் ஒரு புல்வெளி காற்றில் சாய்வது போல எல்லாப் புல்லும் ஒரே பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. ஊசி போன்ற மீன்கள் கூட்டமாக நின்று, ஒரே நேரத்தில் திரும்பின. பச்சைப் புல் வெளுத்து மணலானது. மணல் சரிந்து ஒரு நீலத்துக்குள் இறங்கிப் போனது. அந்த நீலத்துக்கு அடி இல்லை. இதுதான் நட்சத்திரங்கள் இருக்கிற இடம் என்று நினைத்தேன். பயம் கொஞ்சமும் இல்லை. இத்தனை பெரிய ஒன்றின் மேல் நான் ஒருத்தியாக மிதக்கிறேன் என்கிற நினைப்பில் மூச்சுவிடக்கூட மறந்திருந்தேன்.

கரையில் நடந்தது பின்னால் தெரிந்துகொண்டது. காக்கா நான் போவதை முதலிலேயே பார்த்திருக்கிறார். ரோபோ வாசலை விட்டு நகரக் கூடாது என்பதால் வெகுநேரம் அப்படியே நின்றிருக்கிறார். பிறகு சட்டத்தை மீறி, "சாச்சா, கப்பல் போகுது!" என்று அலறியிருக்கிறார்.

என் பெயர் காற்றை எதிர்த்துக்கொண்டு துண்டு துண்டாக வந்தது. ஒரு தரம், இரண்டு தரம், பத்துத் தரம். சாச்சாவின் குரல் என்று தெரிந்தது. என்னை அவுட்டாக்கப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டு, தலையைத் திருப்பாமல், அசையாமல் படுத்திருந்தேன். அந்தக் குரல் உடைந்ததையும் கேட்டேன். அதையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, முன்னைவிடப் பக்கத்தில், ஒரு வார்த்தை:

"கேப்டன்!"

நான் திரும்பினேன்.

தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. கைலி எங்கோ போய், அரைக்கால் சட்டையோடு சாச்சா நீந்திக்கொண்டிருந்தார். வாயில் உப்புத்தண்ணீர் போய் இருமினார்.

"கேப்டன்... கப்பலைத் திருப்பு. இது உத்தரவு."

"சரி சார்" என்றேன். துடுப்பை எடுத்துப் போட்டேன். கப்பல் திரும்பவில்லை. மறுபடி போட்டேன். மூக்கு இடப்பக்கம் சாய்ந்ததே தவிர கரை கிட்ட வரவில்லை, தூரமாகத்தான் போனது. கடல் என் பேச்சைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கேப்டன் எங்கேயோ போய்விட, நான் மட்டும் மிதவையில் இருந்தேன். "சாச்சா!" என்று வீறிட்டேன்.

"கயித்தப் போடு! கயித்த எம்பக்கம் வீசு புள்ள!"

மூன்றாவது வீச்சில் அவர் கைக்கு எட்டியது. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு காற்றுக்கு எதிராக இழுத்தார். பாதி வழியில் நண்டு வலைக்காரர் ஒருவர் வள்ளத்தோடு வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். கரையில் ஊரே நின்றது. உம்மா என்னைப் பிடித்து முதலில் அடித்தார், பிறகு அணைத்தார், பிறகு மறுபடி அடித்தார். கடைசியில் சாச்சாவிடம் திரும்பினார்.

"புள்ளயக் கடல்ல விட்டுட்டு இங்கன என்ன தம்பி எழுதிக்கிட்டு இருந்தீக?"

சாச்சா மணலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு துண்டைப் போர்த்தினார்கள். அது சாச்சி, சாச்சாவின் மனைவி. கூட்டத்தில் அவர் மட்டும் யாரையும் ஏசவில்லை. சாச்சாவின் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

வலை அவிழ்க்கப்பட்டது. நகரம் மூடப்பட்டது. சாச்சா அதன்பிறகு நோட்டைத் தொடவில்லை. அவருடைய லீவும் முடிய வந்துவிட்டது. வீட்டில் பெட்டி கட்டும் வேலை தொடங்கியது. கருவாடு, ஊறுகாய், இடியாப்ப மாவு.

புறப்படுவதற்கு முந்தைய நாள், அசர் முடிந்து, சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். சாச்சியைப் பற்றி அதுவரை நான் அதிகம் நினைத்ததில்லை. கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் சாச்சா விமானம் ஏறிவிட்டார். மூன்று வருடம் கழித்து இப்போதுதான் வந்திருந்தார். அந்த லீவிலும் சாயங்காலமெல்லாம் எங்களோடு கடற்கரையில்தான் இருந்தார். சாச்சி வீட்டில் தையல் மெஷினோடு இருப்பார்.

"அந்த வெளயாட்டை இன்னக்கி ஒரு தடவ போடுங்க" என்றார். "கடல் பக்கம் யாரும் போகக் கூடாது. நா பாத்துக்கிறேன் மச்சி" என்று உம்மாவிடம் உத்தரவாதம் சொன்னார். உம்மா சாச்சியின் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சரி என்றார்.

மறுபடி வலை கட்டினோம். காக்கா வாசலில் விறைத்து நின்றார். என்னிடம் கப்பல் இல்லாததால் நாவலில் வருகிற வேஷங்களையெல்லாம் வரிசையாக எழுதிய நோட்டு என் கைக்கு வந்தது. சாச்சா வள்ளத்தில் சாய்ந்து சும்மா நின்றார். சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி வலைக்கு வெளியே வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு வேஷம் குடுப்பீகளா?"

எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "ராணி இருக்கு சாச்சி. டாக்டரு இருக்கு. வானத்து சுவிட்சு போடுற ஆளு இருக்கு. பறக்குற கப்பல் வேணும்னாலும்..."

சாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெளிநாட்டுக்கே போகாத ஒரு மனுசனோட பொண்டாட்டி."

நான் நோட்டைப் புரட்டினேன். "அப்படி ஒரு வேஷம் நாவல்ல இல்லயே சாச்சி."

வள்ளத்துப் பக்கமிருந்து சாச்சா, "எழுதிக்க கேப்டன்" என்றார். எழுதிக்கொண்டேன்.

சாச்சி வலையைத் தூக்கி உள்ளே வந்தார். இருவரும் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். இனி என்ன நடக்கப்போகிறதோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றோம்.

"இன்னக்கி என்ன மீனு கெடச்சுச்சு?" என்று சாச்சி கேட்டார்.

"ஊழி. நல்லாக் கெடந்துச்சு, ரெண்டு வாங்கியாந்தேன்."

"கொல்லப்புறத்துக் கதவு சரியாவே சாத்த மாட்டேங்குது."

"நாளைக்குப் பாக்குறேன்."

"நாளைக்கா?"

"ஆமா. நாளைக்கு இங்கனதான இருக்கேன்."

சாச்சி சிரித்தார். அப்புறம் அவர்கள் அதுகூடப் பேசவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ராஜா வரவில்லை, புயல் வரவில்லை, வானம் தன்பாட்டுக்குச் சிவந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நண்டு பிடிக்கப் போனார்கள். கடைசியில் காக்காவும் வாசலை விட்டு வந்துவிட்டார்.

"எத்தனயோ வேஷம் இருக்கயில இதைப் போயி ஏன் கேட்டாக?" என்று அவரிடம் புகார் சொன்னேன்.

"சாச்சிக்கு வெளயாடத் தெரியல" என்றார் காக்கா.

எனக்கும் அப்படித்தான் பட்டது.